எச்.சி.க்யூ. மாத்திரையும் டூட்டி நர்ஸின் தயக்கமும்

எல்லாருக்கும் வணக்கம். செவிலியர் படிப்பில் இருப்பவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் 2020 மார்ச்சிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அந்த மாதம் 22-ஆம் தேதி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் தேசியப் பணிக்குழு ஓர் அறிவுரை கொடுத்தது. கொரோனா நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவப் பணியாளர்கள், நோய் வருமுன்பே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சுருக்கமாக எச்.சி.க்யூ., சாப்பிடலாம். முதல் நாள் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, அப்புறம் வாரம் ஒரு முறை, ஏழு வாரத்துக்கு. மலேரியாவுக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்கும் காலங்காலமாகக் கொடுத்துவந்த மாத்திரைதான். கொரோனாவைத் தடுக்குமா என்பதற்குத்தான் சரியான மருத்துவ ஆய்வு ஒன்றும் அன்று கையில் இல்லை.

மருத்துவமனைகளில் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். பி.பி.இ. என்கிற பாதுகாப்பு உடைக்கே தட்டுப்பாடு, மாத்திரையாவது இருக்கட்டும் என்று போட்டுக்கொண்டவர்கள் உண்டு. இதயத்துக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டுத் தயங்கியவர்களும் உண்டு. தயங்கியவர்களை பயந்தாங்கொள்ளி என்று சொன்னார்கள் பாருங்கள், அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மே 22-இல் வந்த திருத்திய அறிவுரையைப் படியுங்கள். ரத்தச் சிவப்பணுக்கள் சில மருந்துகளால் உடைந்துபோகக்கூடிய ஜி6பிடி குறைபாடும் இதயத் துடிப்புக் கோளாறும் இருப்பவர்களுக்கு வேண்டாம், கொடுக்குமுன் ஈ.சி.ஜி. பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. மார்ச் கடைசியில் ஆரம்பித்தவருக்கு ஏழு வாரமும் அதற்குள் முடிந்தே போயிருக்கும்!

மாத்திரையைத் தொடர்ந்து போட்டவர்களிடம் தொற்று குறைவாக இருந்ததாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒன்று சொன்னது. அது பின்னோக்கி விசாரித்துச் செய்த ஆய்வு. வாராவாரம் மறக்காமல் மாத்திரை போடுகிற ஆள், முகக்கவசத்தையும் ஒழுங்காகத்தானே போட்டிருப்பார்? எது காப்பாற்றியது என்று எப்படிப் பிரிப்பது? பிரித்துப் பார்க்கச் சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஆட்களைப் பிரிக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 821 பேரிடம் அப்படிச் செய்தார்கள். நோயாளியிடம் நெருங்கிப் பழகி நான்கு நாளுக்குள் மாத்திரை எடுத்தவர்களில் 11.8 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14.3. இதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது. குமட்டல், வயிற்றுப்போக்கு மாதிரித் தொந்தரவுகள்தான் நிஜ மாத்திரையில் தெளிவாக அதிகம். முடிவு ஜூன் 3-ஆம் தேதி வெளியானது. தடுப்புக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் உறுதியாகச் சொல்லிவிட்டது.

சரி, தடுப்பூசிக்கு வருவோம். 2021 ஜனவரி 16, முதல் ஊசி மருத்துவப் பணியாளர்களுக்குத்தான். கோவிஷீல்டு, கோவேக்சின் என்று இரண்டு ஊசிகள். கோவேக்சின் போட்டுக்கொள்கிறவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதன் பலன் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று அந்தப் படிவமே சொன்னது. எந்த ஊசி என்று தேர்ந்தெடுக்கவும் அன்று வழியில்லை. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையின் உறைவிட மருத்துவர்கள் அன்றைக்கே கோவிஷீல்டு வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்கள். டாக்டர்களே பயப்படுகிறார்கள் என்று வெளியே பேச்சு. அவர்கள் ஊசியே வேண்டாம் என்று சொல்லவில்லையே! ஊசி நிஜமாகவே நோயைத் தடுக்கிறதா என்று நிறையப் பேரிடம் பார்க்கும் மூன்றாம் கட்ட ஆய்வின் தரவு வரவில்லை என்றார்கள், அவ்வளவுதான். அந்த இடைக்கால முடிவு, 81 சதவீதம் பலன் என்று, மார்ச் 3-ஆம் தேதி வந்தது. ஜனவரியிலேயே அது கையில் இருந்திருந்தால் அந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது என்பது என் எண்ணம்.