பலகைக்குள் இருக்கும் கிளை

நேயர்களுக்கு வணக்கம். மரம் பார்ப்பது என் தொழில். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று கூப்பிட்ட ஊருக்குப் போவேன். மரத்தைச் சுற்றி வருவேன். தூரைச் சுரண்டிப் பார்ப்பேன், மரச்சுத்தியலால் தட்டிக் கேட்பேன், தேவைப்பட்டால் ஏறுவேன். பிறகு மரம் நிற்குமா, எந்தக் கிளையை எப்போது கழிக்கலாம் என்று எழுதிக் கொடுப்பேன். இதற்குக் கட்டணம் என்றால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. "வெட்டுறவனுக்குக் காசு குடுக்கலாம் தம்பி, வெட்டாதேன்னு சொல்றதுக்குமா?" என்று ஓர் ஆச்சி கேட்டார். நியாயமான கேள்விதான். நான் எழுதிக் கொடுப்பதில் முக்கால்வாசி 'வேண்டாம்' என்றுதான் இருக்கும்.

இந்தத் தொழிலில் எனக்குப் பேச்சுத்துணை, வேறு மரம் பார்ப்பவர்கள் அல்ல. இந்தப் பக்கத்தில் அப்படி ஆட்களும் குறைவு. பழைய வீடுகளின் நிலை, கதவுகளைச் சரிசெய்யும் ஆசாரி ஒருவர்தான் துணை. அவர் மரத்தை உள்ளிருந்து பார்ப்பவர், நான் வெளியிலிருந்து பார்ப்பவன். வேலை இல்லாத நாளில் இருவரும் சேர்ந்து பழைய வீடுகளின் முற்றத்துத் தூண்களையும் கதவுகளையும் பார்த்துக்கொண்டு திரிவோம். எங்கள் வீட்டில் இதற்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது.

பர்மாத் தேக்கில் செய்த கதவு ஒரு நல்ல பாடப்புத்தகம். தேக்கு கோடையில் இலை உதிர்த்து ஓய்வெடுக்கும். அதனால் ஆண்டு வளையம் தெளிவாக விழும். வேம்பிலும் புளியிலும் அப்படி நம்பி எண்ண முடியாது. ஆனால் ஆசாரி எனக்குக் காட்டியது வளையத்தை அல்ல, கணுவை, அதாவது கிளை இருந்த இடத்தில் பலகையில் தெரியும் வட்டத்தை. "இந்தக் கணுவத் தட்டிப் பாருங்க தம்பி, அசையாது. கிளை உசுரோட இருக்கயில மரம் அதைச் சேத்துக் கட்டிக்கிட்டு வளந்திருக்கு. அந்தா அந்த ஓட்டை இருக்கு பாருங்க, அது செத்த கணு. பட்டுப்போன கிளையச் சுத்தி மரம் சும்மா வளந்திருக்கு, ஒட்டல. இழைப்புளி போட்டதும் விழுந்துருச்சு." கிளை என்பது மரத்தின் மேல் ஒட்டவைத்த பொருள் அல்ல. அது பலகைக்குள் ஆழத்தில் தொடங்குகிறது. வெளியே நாம் எப்படி வெட்டுகிறோமோ, அது உள்ளே பதிவாகிறது.

இதையே அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆய்வாளர் வேறு வழியில் கண்டார். ஆயிரக்கணக்கான மரங்களை மேலிருந்து கீழாகப் பிளந்து, காயத்திலிருந்து சொத்தை எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார். 1977ல் அதைத் தெளிவாக எழுதி வெளியிட்டார். மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை. மனிதத் தோலைப்போல அங்கே பழைய திசு புதிதாவதில்லை. அந்த இடத்தைச் சுற்றி மரம் தடுப்பு எழுப்பி, சொத்தையை உள்ளேயே அடைத்துவிட்டு, வெளியே புது மரம் வளர்த்துக்கொண்டு போகிறது. காயம்பட்ட நாளில் இருந்த மரத்துக்குள்தான் சொத்தை பரவும். அதற்குப் பிறகு வளர்ந்த மரத்துக்குள் லேசில் போகாது. நடுவில் பொந்து விழுந்த புளியமரம் ஆண்டாண்டாகக் காய்த்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

இது தெரிந்துவிட்டால் நம் ஊர் வழக்கங்கள் சிலவற்றைப் பார்த்து வயிறு எரியும். வெட்டிய இடத்தில் தார் பூசுவது அதில் ஒன்று. தார் சொத்தையைத் தடுப்பதில்லை. பொந்தில் சிமெண்ட் அடைப்பது இன்னொன்று. காற்றில் மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் நின்று உள்மரம் இன்னும் வேகமாக உளுத்துப்போகும். பொந்தைத் திறந்தே விடுங்கள், ஆந்தையாவது குடியிருக்கும். தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது சுற்றிலும் நல்ல மரமாக இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் தோராயக் கணக்கு. 30 சென்டிமீட்டர் ஆரம் என்றால் 10 சென்டிமீட்டர். இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. சாய்வு, வேர், தூரில் காளான் இருக்கிறதா என்று எல்லாம் சேர்த்துத்தான்.

எல்லாவற்றையும்விட மோசம், மரத்தை மொட்டையடிப்பது. "தலையைக் கழிச்சுவிட்டா நல்லாத் தழைக்கும்ணே" என்பார்கள். தழைக்கும், பொய்யில்லை. ஆனால் அந்தத் தளிர்கள் எல்லாம் வெட்டின விளிம்பில் மேலாக ஒட்டிக்கொண்டு வருபவை. ஆசாரி காட்டிய உயிர்க்கணு மாதிரி உள்ளே வேரூன்றியவை அல்ல. சில ஆண்டில் அவை தொடைப் பருமன் ஆகும்போது, அடியில் வெட்டுவாய் உளுத்திருக்கும். அப்போது எந்தக் காற்றுக்கும் ஒடியும். பயந்து வெட்டிய மரம்தான் பின்னால் பயமுறுத்துகிறது.

கிளை கழித்தே ஆகவேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை தன் பாரத்தில் பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் விழும். மிச்சமிருக்கும் முண்டைக் கடைசியில் எடுக்க வேண்டும். கிளை புறப்படும் இடத்தில் ஒரு தடிப்பு தெரியும். அந்தத் தடிப்பைத் தொடாமல், அதற்கு ஒட்டி வெளியே வெட்டுங்கள். தண்டோடு வழித்து வெட்டினால் தடுப்புச் சுவரையே இடித்ததாகும். முண்டு விட்டால் அது பட்டுப்போய்ச் செத்த கணு ஆகிவிடும். அரிவாளால் கொத்தாமல் ரம்பத்தால் அறுக்கவேண்டும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் ஏணியே வைக்காதீர்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறியபோது புதுக்கோட்டைப் பக்கம் தென்னையும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதிரிக் காற்றில் எந்த மரமும் விழலாம். சாதாரண மழைக்காற்றில் தெருவில் விழும் மரங்களில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது வேறு: ஒரு பக்கம் சாக்கடைக்காக வேரை வெட்டியிருப்பார்கள். வேர் கீழே போகிற அளவுக்கு மேல், பக்கவாட்டில் போகிறது. உணவும் நீரும் எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணில்தான். கிளை விரிப்பைத் தாண்டியும் ஓடும். அந்த வேருக்கு மூச்சு வேண்டும். ஊருணி தூர்வாருகிறோம் என்று ஜேசிபி வைத்து, எடுத்த மண்ணைக் கரை மரங்களின் தூரில் மூன்றடி உயரம் கொட்டுகிறார்கள். ஊருணிக்கு நல்லது நடக்கிறது, மரத்துக்கு இல்லை. உடனே சாகாது என்பதால் யாரும் அந்த மண்ணைச் சந்தேகப்படுவதும் இல்லை. கோயில் அரசமரத்தைச் சுற்றித் தண்டு வரைக்கும் பேவர் பிளாக் பதிப்பதும் இதே கதைதான்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைப்பிடிச்சுவரில் பறவை போட்ட அரசங்கன்று, ஆலங்கன்று முளைத்திருக்கும். விரல் பருமனுக்குள் இருக்கும்போதே, ஈரமான நாளில் வேரோடு எடுங்கள். வேர் சுண்ணாம்புக் காரைக்குள் இறங்கியபின் பிடித்து இழுத்தால் சுவரும் கூட வரும். மரங்களைக் காப்பவன் செடியைப் பிடுங்கச் சொல்கிறேனே என்று பார்க்காதீர்கள். அது நிற்க வேண்டிய இடம் ஊருணிக் கரை.

மழைக்குப் பிறகு வேப்பமரத்தின் கொழுந்து கருகினால் மரம் போய்விட்டது என்று பதறி வெட்டவேண்டாம். தேயிலைக் கொசு என்ற பூச்சியும் ஒரு பூஞ்சையும் செய்கிற வேலை அது. பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். பொது இடத்து மரமாக இருந்தால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டவும் முடியாது.

கடைசியாக, ஆசாரி சொல்லச் சொன்னது ஒன்று. மழையில் வேம்போ பூவரசோ பலாவோ விழுந்துவிட்டால், அதை உடனே அடுப்புக்கு ஏற்றபடி துண்டு போடாதீர்கள். எட்டடி நீளமாவது விட்டு அறுத்து, நிழலில், தரையில் படாமல் கட்டை கொடுத்து அடுக்கி வையுங்கள். வெட்டுவாயில் பழைய பெயிண்ட் தடவினால் வெடிப்பது குறையும். நிற்கும் மரத்தில் பூசாதே என்று சொன்னவன் இதற்கு மட்டும் பூசச் சொல்கிறேன், விழுந்த மரத்துக்கு விதி வேறு. பிறகு உங்கள் ஊர் ஆசாரிக்குச் சொல்லி அனுப்புங்கள், ஒரு கதவுக்காவது ஆகும்.

வணக்கம்.