நல்ல தேயிலை எந்தப் பக்கம்?

நேயர்களுக்கு வணக்கம். ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பயண முகவர் அலுவலகம் நடத்துகிறேன். வான் பிடித்துக் கொடுப்பது, தங்க இடம் பார்ப்பது, கோச்சியில், அதாவது ரயிலில், சீட் போட்டுக் கொடுப்பது, தேவைப்பட்டால் கூடவே போய் வருவது, இதெல்லாம்தான் என் வேலை. இலங்கை மலையகத்தில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றிப் பேசுங்கள் என்று இங்கே கூப்பிட்டார்கள். இடங்களின் பெயரை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்றில்லை, போனைத் தட்டினால் படத்தோடு வந்து நிற்கும். ஆனால் அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்று யாரும் போடுவதில்லை பாருங்கள், அதைத்தான் நான் பேசப் போகிறேன்.

என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "மலைநாட்டுக்கு எந்த மாதம் வந்தால் நல்லது?" என்பது. நான் திருப்பிக் கேட்பது, "மலைநாட்டில் எந்தப் பக்கம்?" மலைநாடு என்றால் ஒரே இடம், ஒரே குளிர், ஒரே மழை என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு ஓட்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சரிவு, அந்தப் பக்கம் ஒரு சரிவு. சாரல் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறதோ அந்தச் சரிவுதான் நனையும், மற்றது காய்ந்து கிடக்கும். நம்முடைய முகடு பிதுருதலாகலை, ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளி என்று வடக்குத் தெற்காக நிற்கிறது. அதற்கு மேற்கே ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா. கிழக்கே வெலிமடை, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, பதுளை. நுவரெலியா டவுன் முகட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்தாலும் மழைக் கணக்கில் மேற்கோடுதான் சேரும்.

மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று. அது கடலிலிருந்து கொண்டுவருகிற தண்ணீரையெல்லாம் எங்கள் ஹட்டன் பக்கம் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டிக் கிழக்கே ஊவா பக்கம் இறங்கும்போது வெறும் காற்றாக இறங்கும். டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று வரும், அப்போது எல்லாம் தலைகீழ். பதுளை, எல்ல பக்கம் நனையும், ஜனவரி நடுப்பகுதிக்குப் பிறகு எங்கள் பக்கம் வானம் வெளுத்துவிடும். இது புதிதாக நான் கண்டுபிடித்த விஷயம் ஒன்றும் இல்லை, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, விடுதிக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள்.

இதை நினைவு வைத்துக்கொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. தேயிலையைக் கேளுங்கள். ஊவாத் தேயிலைக்கு நல்ல வாசம் கூடுவது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைக்கும். அந்தக் காய்ந்த காற்றை இங்கே கச்சான் என்பார்கள், அது அடிக்க அடிக்கக் கொழுந்து வளர்ச்சி குறைந்து உள்ளே சாறு இறுகும், அந்த வாரங்களில் செய்கிற தூளுக்குக் கொழும்பு ஏலத்தில் விலை ஏறும். எங்கள் திம்புள்ள பக்கத்துத் தேயிலைக்கு அந்தக் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும். அதாவது நல்ல தேயிலை எந்தப் பக்கம் செய்கிறார்களோ, அந்த மாதம் அந்தப் பக்கம் போங்கள். அவ்வளவுதான். கொழுந்துக்குப் பிடிக்கிற அந்தக் காய்ந்த வெயிலும் குளிர்ந்த இரவும்தான் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும் வேண்டியது.

ஒரு ஓகஸ்ட் விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன், இதை நான் எல்லோரிடமும் சொல்வது வழக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம், அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், ஓர் ஆச்சி. நுவரெலியாவில் நான்கு இரவுக்குத் தாங்களாகவே ரூம் போட்டு, பணமும் கட்டிவிட்டு வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் பிள்ளைகளின் அப்பா எனக்கு போன் பண்ணினார். "அண்ணை, வந்ததிலயிருந்து மழை. பிள்ளையளுக்குத் தடிமன் பிடிச்சிட்டுது, ஆச்சி கட்டிலை விட்டு இறங்கேல்ல. நாளைக்கே ஊருக்குத் திரும்புவம் எண்டு நினைக்கிறம்." ஜன்னலைத் திறந்தால் எதிரே இருக்கிற கடையே தெரியவில்லையாம். நான் சொன்னேன், "தம்பி, திரும்ப வேணாம். நாளைக்கு நானுஓயாவுல வந்து பதுளைக் கோச்சியில ஏறுங்க, சாமானை வானில அனுப்புங்க, நான் ஸ்டேஷனுக்கு வாறேன்." அவருக்கு நம்பிக்கையே இல்லை. மழையிலிருந்து தப்ப இன்னும் மலைக்குள்ளேயே போகச் சொல்கிறாரே என்று யோசித்திருப்பார்.

கோச்சி நானுஓயாவை விட்டது, நல்ல தூறல். அம்பேவளையில் மாடு நிற்கிற புல்வெளி எதுவும் தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. பட்டிப்பொலவில் நின்றது. நம் நாட்டிலேயே உயரத்தில் இருக்கிற ஸ்டேஷன் அதுதான், அதற்குக் கொஞ்சம் தள்ளிப் பாதை 6,226 அடிக்கு ஏறுகிறது. பெட்டிக்குள் எல்லோரும் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டு ஆவி படிந்து, சின்னப் பிள்ளை அதில் விரலால் வீடு வரைந்துகொண்டிருந்தது. ஆச்சி கம்பளித் தொப்பிக்கு மேல் ஒரு சால்வையும் சுற்றிக்கொண்டு யாரோடும் பேசாமல் இருந்தார். அப்புறம் சுரங்கம் வந்தது. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சுரங்கத்தைத்தான் நான் சொல்ல வந்தது. சுரங்கம் வந்தால் பெட்டி முழுக்க "ஊ..." என்று கத்துவார்கள், உங்களுக்கே தெரியும், பெரியவர்களும் சேர்ந்து கத்துவார்கள். அந்தக் கத்தல் அடங்குவதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. வெளிச்சம் என்றால் வெயில்! நீல வானம், சரிவு முழுக்கக் காய்ந்த மானாப் புல் காற்றில் படுத்துப் படுத்து எழும்புகிறது. மழை எங்கே போனது என்று பிள்ளைகள் எழும்பி நின்று இரண்டு பக்க ஜன்னலையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். ஆச்சி சால்வையை அவிழ்த்தார், தொப்பியைக் கழற்றினார், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இஞ்ச பார், இது எங்கட சோளகம் எல்லோ."

அவர் சொன்னது சரி. அதே தென்மேற்குக் காற்றுதான். எங்கள் பக்கம் மழையை இறக்கிவிட்டு ஊவாவுக்கும் காய்ந்து போகிறது, யாழ்ப்பாணத்துக்கும் காய்ந்துதான் போகிறது. மீதி நாளை அவர்கள் பண்டாரவளையில் கழித்தார்கள், ஒரு நாள் விடிய எழும்பி அப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன தோட்டத்துக்குப் போய், 1890இல் லிப்டன் கட்டின தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு, லிப்டன் சீட் என்கிற மலைக்காட்சி முனைக்கு ஓட்டோவில் ஏறினார்கள். ஆச்சியும் ஏறினார்.

எல்லாச் சமயமும் அந்தச் சுரங்கம் இப்படிச் செய்யும் என்று இல்லை. சில நாள் இரண்டு பக்கமும் மூட்டமாக இருக்கும், சில நாள் இரண்டு பக்கமும் வெயிலாக இருக்கும். ஆனால் ஜூலை, ஓகஸ்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜனவரிக் கடைசியில் பதுளையிலிருந்து திரும்பி வந்து பாருங்கள், அப்போது அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் வெயில்.

கோச்சி என்று வந்ததால் சொல்லிவிடுகிறேன். முன்பதிவுச் சீட் திறந்த உடனே முடிந்துவிடுகிறது, பிறகு அதே சீட் வெளியில் பல மடங்கு விலைக்கு வருகிறது. வாங்காதீர்கள். கொழும்பிலிருந்தோ கண்டியிலிருந்தோ எல்லவுக்கு வருகிற பெட்டிகளில்தான் இந்த நெரிசல் எல்லாம். நீங்கள் முதலில் பஸ்ஸிலோ வானிலோ பதுளைக்குப் போய், அங்கிருந்து காலையில் புறப்படுகிற கோச்சியில் ஏறுங்கள். அது கிளம்புகிற இடமே அதுதான், கொஞ்சம் முந்திப் போனால் முன்பதிவு இல்லாத பெட்டியிலும் உட்கார இடம் கிடைக்கும். தெமோதரையில் பாதை தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி ஸ்டேஷனுக்கு அடியாலேயே போகிறது, ஒன்பது வளைவுப் பாலமும் அந்தத் துண்டில்தான். பாலம் 1921இல் கட்டியது, பதுளைக்குப் பாதை போய்ச் சேர்ந்தது 1924இல். இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள், கதவில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள். கல்லும் சுவரும் எவ்வளவு கிட்ட வருகிறது என்று உள்ளே இருக்கும்போது தெரியாது. விழுந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். என்னோடு வருகிற யாரையும் நான் தொங்க விடுவதில்லை, கோபித்தாலும் பரவாயில்லை.

நுவரெலியா ஏப்ரல் சீசன் பற்றிப் பலர் கேட்பார்கள். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் எல்லாம் அப்போதுதான், அது வேண்டுமென்றால் போங்கள். வாவியும் ஹக்கல பூங்காவும் சீதா எலிய அம்மன் கோயிலும்தான் பார்க்க வேண்டுமென்றால் பெப்ரவரி, மார்ச்சில் போங்கள், அறையும் மலிவு, ரோட்டும் காலி. இரவுக்கு மட்டும் தடித்த கம்பளி வேண்டும், அந்த மாதங்களில் சில விடியலில் புல்லில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தே கருகிப் போகும்.

ஒக்டோபர், நவம்பர் மட்டும் எந்தப் பக்கத்தையும் நான் சிபாரிசு செய்வதில்லை. பின்னேரமானால் இடியோடு மழை, மண் ஊறிக் கிடக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளோடு, மண்ணுக்குள் போனவர்களை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் வந்தே ஆக வேண்டுமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், பிற்பகல் மூன்று மணிக்குள் தங்குகிற இடத்துக்குப் போய்ச் சேருங்கள். குறுக்குப் பாதையை போன் காட்டினாலும் பெரிய ரோட்டை விடாதீர்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு வருவோம், அது முகட்டின் மேலேயே இருப்பதால் மாதத்தைவிட மணிதான் முக்கியம். காலை 6 மணிக்கே நுழைவாயிலில் நில்லுங்கள். அங்கே உலக முடிவு என்கிற மலை விளிம்பில் 800 மீற்றருக்கும் கூடிய பள்ளம், ஒன்பது மணி தாண்டினால் கீழிருந்து மூட்டம் ஏறி அதை மூடிவிடும், பிறகு வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் சுற்றியிருக்கிற லேபலைக்கூட உரித்து வாங்கிக்கொள்வார்கள். மிக நல்ல காரியம். சாப்பாட்டை முதல் நாளே டப்பாவில் போட்டு வையுங்கள், அங்கே போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம்.

கொழுந்து எடுக்கிற பெண்களைப் படம் பிடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் எடைக்குக் கணக்குப் பார்த்து வேலை செய்கிறவர்கள். நிறுக்கிற நேரத்துக்கு முன்னால் மறித்து நிற்க வைத்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம். "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பச்சைச் சரிவை மட்டும் படம் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே இருக்கிற லயத்தைப் பார்க்காத மாதிரி வான் ஓட்டிக்கொண்டு போகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சிவனொளிபாதமலை பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்து வந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரைக்கும் சீசன், மலை எங்கள் மேற்குப் பக்கத்தில் இருப்பதால்தான் அந்த மாதங்கள். வார இறுதியும் போயா என்கிற பௌர்ணமி நாளும் வேண்டாம், படியிலேயே நிற்க வேண்டி வரும். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சீசனில் பஸ் இருக்கிறது. சூரியோதயம் பார்க்க இரவு ஒன்றரை, இரண்டு மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், உடம்பு முடியாதவர்கள் இன்னும் முந்தி. மாற்றுச் சட்டை ஒன்று பையில் வையுங்கள், வேர்த்த சட்டையோடு மேலே நின்றால் காய்ச்சல் வரும். மறுநாளுக்கு வேறு எந்த நடைப் பயணமும் போடாதீர்கள், இறங்கும்போதுதான் முழங்கால் வலி தெரியும். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.