நீந்துவதற்கென்று தைத்த உடை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஆண்கள் நீந்தப் போட வேண்டியது ஜட்டி அளவில் இருக்கிற பிரீஃபா, முழங்கால் வரை தொங்குகிற ஷார்ட்ஸா என்பதுதான் இன்றைய வழக்கு. நான் பிரீஃபுக்காகப் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், அது அநாகரிகம் என்றார், ஊரே அதற்குக் கேலிப் பெயர் வைத்துச் சிரிக்கிறது என்றார், ஒலிம்பிக் வீரர்களே அதைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடைசியாகச் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம் வாங்கினார், ஏழிலும் உலக சாதனை, போட்டிருந்தது பிரீஃப். அதற்குப் பல வருடம் கழித்து உடம்பு முழுக்க மூடும் உடைகள் வந்தன, 2008இல் எல்இசட்ஆர் ரேசர் என்ற அதிவேக நீச்சல் உடை வந்தது, 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகள் உடைந்தன. ஜெயித்தது ஆளா, உடையா என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்த பிறகு, 2010 முதல் ஆண்களின் உடை தொப்புளுக்கு மேலேயும் போகக் கூடாது, முழங்காலுக்குக் கீழேயும் போகக் கூடாது, துணியாக மட்டுமே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த வரம்பைக் கடைசி அங்குலம் வரை பயன்படுத்திக்கொள்கிற உடைதான் இன்று பந்தயத்தில் பார்க்கிற ஜாமர். தொடையை இறுக்கிப் பிடிக்கிற, போடுவதற்கே மல்லுக்கட்ட வேண்டிய உடை அது. அதைக் காட்டிக் காற்றில் படபடக்கிற ஷார்ட்ஸுக்கு ஓட்டுக் கேட்பது நியாயமா? சரி, அதே ஒலிம்பிக்கில் டைவிங் பக்கம் போய்ப் பாருங்கள், தண்ணீருக்குள் பந்து வைத்து ஆடுகிற வாட்டர் போலோ பக்கம் போய்ப் பாருங்கள். இன்றைக்கும் பிரீஃப்தான். வாட்டர் போலோவில் தண்ணீருக்கு அடியில் எதிராளியின் கை எதையாவது பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், அங்கே தொங்குகிற துணி என்றால் அவன் கையில் கொடுத்த பிடி என்று அர்த்தம்.

அநாகரிகம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இது புதிதில்லை. 1907இல் சிட்னியில், கடலில் குளிக்க வருகிற ஆண்களும் பாவாடை போன்ற மடிப்பு வைத்த உடைதான் போட வேண்டும் என்று கட்டளை கொண்டுவரப் பார்த்தார்கள். பாண்டை, மேன்லி கடற்கரைகளில் ஆண்கள் பெண்களின் உடுப்புகளை மாட்டிக்கொண்டு ஊர்வலமே போனார்கள், அந்தக் கட்டளை நிறைவேறவில்லை. 1930களில் அமெரிக்காவில் மார்பை மூடாமல் கடற்கரையில் நின்ற ஆண்களைக் கைது செய்தார்கள். அப்புறம் 1960 வாக்கில் பீட்டர் டிராவிஸ் என்ற வடிவமைப்பாளர், நீச்சல் உடை தயாரிக்கிற ஸ்பீடோ நிறுவனத்துக்காக இந்தப் பிரீஃபை வரைந்தார். பிற்காலத்தில் பானை வனைவதிலும் பட்டம் செய்வதிலும் பெயர் எடுத்த கலைஞர் அவர். உடம்பைக் காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம் இல்லை, நீந்தும்போது வசதியாக இருக்க வேண்டும், துணி வயிற்றில் நிற்காமல் இடுப்பெலும்பில் நிற்க வேண்டும், கால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அசைய வேண்டும் என்றுதான் யோசித்தார். பாண்டை கடற்கரையில் அதைப் போட்டு வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உரோமம் எதுவும் வெளியே தெரியவில்லை, ஆகவே குற்றமில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. நடுவர் அவர்களே, நீதிமன்றமே அறுபது வருடத்துக்கு முன்னால் முடித்துவைத்த வழக்கைத்தான் நண்பர் இங்கே மறுபடி திறக்கிறார்.

இந்தக் கேலிப் பெயர்கள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதை ‘பட்ஜி ஸ்மக்லர்’ என்கிறார்கள், அதாவது ஜட்டிக்குள் குட்டிக் கிளியைக் கடத்துகிறவன். அமெரிக்காவில் ‘பனானா ஹாமக்’, வாழைப்பழத்துக்குக் கட்டிய தூளி. ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த டோனி அபாட் கடற்கரைக் காவல் தொண்டர், பிரீஃபோடு கரையேறுவார், அந்தப் படத்தை வைத்து அவரை வருடக்கணக்கில் கிண்டல் செய்தார்கள். கடலில் முழுகுகிறவனைக் காப்பாற்றப் போகிற ஆள் வேறு எதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும்? பிரேசிலில் இதே வகை உடைக்கு ‘சுங்கா’ என்று பெயர். கொஞ்சம் அகலமாக இருக்கும், கிழவர், வாலிபர், தொப்பை வைத்தவர் எல்லோரும் போடுவார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பிரான்ஸின் பொது நீச்சல் குளங்களில் தெருவில் போட்டுத் திரிகிற தொளதொள ஷார்ட்ஸோடு இறங்கவே விடமாட்டார்கள், சுத்தம் கருதி இறுக்கமான உடைதான் கட்டாயம். ஆக, சிரிப்பு உடையில் இல்லை, பார்க்கிறவர்கள் பழகிய பழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு யாரைச் சுடுகிறது தெரியுமா? உடம்பு வளர்கிற வயதில் இருக்கிற பையனை. தன் உடம்பைப் பற்றியே கூச்சப்படுகிற வயதில், கரையில் நாலு பேர் சிரித்தால் அவன் உடையை மட்டுமா மாற்றுவான், குளத்துக்கே வராமல் போய்விடுவான். நீச்சல் தெரியாமல் வளர்வது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அதை ஒரு ஜோக்குக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஷார்ட்ஸுக்கும் ஒரு இடம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. போர்டு ஷார்ட்ஸ் என்பது அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்காக வந்தது, பலகையில் தேய்த்த மெழுகு தொடையை உராயாமல் இருக்கத் துணி வேண்டும். நாள் முழுக்க மணலில் உட்கார்ந்திருந்தால் வெயிலுக்கும் நல்லதுதான். ஆனால் நமக்குக் கொடுத்த கேள்வி உட்காருவதைப் பற்றியது இல்லை, நீந்துவதைப் பற்றியது. தண்ணீரில் இறங்கியதும் தொளதொள துணி பை மாதிரி உப்பி, ஒவ்வொரு உதைக்கும் பின்னால் இழுக்கும். உதை பிறப்பது இடுப்பில், அந்த இடத்திலேயே துணி சுற்றிக்கொண்டால் நன்றாகக் கற்றவனுக்கே மூச்சு வாங்கும், புதிதாகக் கற்கிறவன் தனக்கு நீச்சல் வராது என்றே முடிவு கட்டிவிடுவான்.

நீச்சல் வீரர்களின் பையில் ‘டிராக் ஷார்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். பிரீஃபுக்கு மேலே போடுகிற தொளதொளப்பான வலைத்துணிக் கால்சட்டை, சிலவற்றில் தண்ணீர் தேங்குவதற்கென்றே பை வைத்திருப்பார்கள். பயிற்சியில் இழுவையைக் கூட்டி, நீந்துவதைக் கஷ்டமாக்குவதற்காக வேண்டுமென்றே போடுவது. பந்தயத்தன்று கழற்றி வைத்துவிடுவார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: நீந்துவதைக் கஷ்டமாக்க ஒருவன் தேடிப் போடுகிற அதே தொளதொளப்பை, நீந்துவதற்கு ஏற்றது என்று இந்த மேடையில் எப்படி நிரூபிக்கப் போகிறீர்கள்?