விசுவாசம் இருந்தா கவலையே வரக்கூடாதா? ராத்திரி ரெண்டு மணிக்கு நான் பண்ண ஜெபம்

ஸ்தோத்திரம் ஃப்ரெண்ட்ஸ், எல்லாரும் நல்லா இருக்கீங்களா. மூணு வாரமா வீடியோ போடல, என்னாச்சு சிஸ்டர்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, ரொம்ப தேங்க்ஸ். என்னாச்சுன்னு இன்னைக்கு சொல்லிடுறேன், எடிட் எதுவும் பண்ணாம அப்படியே போடப்போறேன்.

அம்மாவுக்கு மார்புல ஒரு சின்ன கட்டி. பயாப்ஸி எடுத்துட்டு ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு வாரம் இருக்கே... பகல் எப்படியோ ஓடிரும், சமையல், பிள்ளைங்க ஸ்கூலு, துணி துவைக்கிறதுன்னு. ராத்திரி ரெண்டு மணி ஆனா டக்குனு முழிப்பு வந்துரும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், உள்ளங்கையெல்லாம் வேர்த்து ஈரமா இருக்கும், ஃபோன எடுத்து அந்த நோயப் பத்தி தேட ஆரம்பிச்சேன்னா நாலு மணி வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு படிச்சுக்கிட்டே இருப்பேன், படிக்க படிக்க பயம் ஏறும்.

இதுல சர்ச்சுல ஒரு ஆன்ட்டி, ரொம்ப பாசமா தான் சொன்னாங்க, "பயப்படாதம்மா, பயந்தா விசுவாசம் இல்லன்னு அர்த்தம்"னு. அதுக்கப்புறம் எனக்கு கவலை ரெண்டு மடங்காச்சு. அம்மாவப் பத்தி ஒரு கவலை, ஐயோ நான் கவலப்படுறேனே, என் விசுவாசம் அவ்வளவுதானான்னு இன்னொரு கவலை. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல "ஒன்றுக்குங் கவலைப்படாமல்"னு ஒரு வசன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, தண்ணி பாட்டில் எடுக்கப்போனா கூட அதப் பாக்காம எடுப்பேன். யாரோ என்னைத் திட்டுற மாதிரி இருக்கும் எனக்கு.

மூணாவது நாள் ராத்திரி தான் பைபிள எடுத்து அந்த வசனத்த முழுசா படிச்சேன். பிலிப்பியர் 4:6, அப்போஸ்தலர் பவுல் எழுதின கடிதம். ஸ்டிக்கர்ல பாதி தான் இருக்கு, மீதிய நாம கவனிக்கவே மாட்டோம். "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்." தெரியப்படுத்துங்கள்! மனசுல இருக்கறத முழுங்கிட்டு சிரிச்ச முகமா இருங்கன்னு பவுல் எழுதவே இல்ல. அதுவும் அவர் எங்க இருந்து எழுதுறார், கட்டப்பட்டு காவல்ல இருந்துக்கிட்டு எழுதுறார். இதே பவுல் 2 கொரிந்தியர் 11:28ல எல்லா சபைகளைக் குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறதுன்னு சொல்றார். நாள்தோறும்! அதப் படிச்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சு. அவ்வளவு ஏன், சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசுவே வியாகுலப்பட்டு, இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும்னு மூணு தடவ அதே ஜெபத்த பண்ணாரே, அவருக்கு விசுவாசம் கம்மின்னு யாராவது சொல்லுவோமா?

அன்னைக்கு சமையல்கட்டுல உக்காந்தேன். டெய்லி காலண்டர்ல கிழிச்ச தாள் கெடந்துச்சு, அது பின்பக்கம் பிள்ளையோட பென்சில் வச்சு எழுதினேன். இதுக்கு முன்னாடி எல்லாம் "ஆண்டவரே எல்லாத்தையும் பாத்துக்கோங்க"ன்னு பொதுவா ஜெபிச்சிட்டு படுத்துருவேன், ஆனா அந்த 'எல்லாம்' என்னன்னு எனக்கே தெரியாது. அன்னைக்கு ஒவ்வொண்ணா பேர் சொல்லி எழுதினேன். ரிப்போர்ட் கேன்சர்னு வந்துருமோ. ஆபரேஷனுக்கு காசு எங்க போறது. அம்மா முடி கொட்டிருமோ, அவங்களுக்கு தன் முடின்னா அவ்வளவு ஆசை. அம்மா இல்லாம நான் என்ன பண்ணுவேன். இந்தக் கடைசி வரிய எழுத எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு, கை ஓடல.

அப்புறம் "ஸ்தோத்திரத்தோடே"ன்னு இருக்கே, எதுக்கு ஸ்தோத்திரம் சொல்றதுன்னு யோசிச்சேன். அம்மா குளிக்கும்போது கட்டிய கவனிச்சு, மறைக்காம அன்னைக்கே என்கிட்ட சொன்னாங்களே, அதுக்கு சொன்னேன். எத்தனை அம்மாமார் வெக்கப்பட்டு மாசக்கணக்கா மறைச்சிடுறாங்க.

உடனே பயம் பறந்துபோச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். மறுநாளும் ரெண்டு மணிக்கு முழிச்சேன். ஆனா ஃபோன எடுக்கல, அந்தத் தாள எடுத்தேன். அன்னைக்கு ஒரு மணி நேரத்துல தூங்கிட்டேன்.

ரிப்போர்ட் கேன்சர்னு தான் வந்துச்சு. ஆரம்ப நிலைன்னு டாக்டர் சொன்னாங்க, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கிறாங்க. நான் கேட்ட பதில் கிடைக்கல. ஆனா அந்த ரூம்ல டாக்டர் சொல்லும்போது அம்மா கைய பிடிச்சிக்கிட்டு அடுத்து என்ன செய்யணும்னு நிதானமா கேக்க முடிஞ்சுது என்னால, அந்த நிதானம் என்னுடையது இல்லன்னு எனக்கு நல்லா தெரியும்.

இன்னொண்ணும் சொல்லணும், இது முக்கியம். தூக்கமே இல்ல, சாப்பிட முடியல, வாரக்கணக்கா இப்படியே இருக்குன்னா டாக்டர பாருங்க, மாத்திரை எடுக்கறது அவிசுவாசம் இல்ல. பைபிள்ல எலியா தீர்க்கதரிசி சாகணும்னு சூரைச்செடி கீழ படுத்தப்ப தேவதூதன் பிரசங்கம் பண்ணல, அடையும் தண்ணியும் குடுத்து சாப்பிடச் சொன்னான், திரும்பத் தூங்க விட்டான். 14416, டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசாங்க நம்பர், ஃப்ரீ தான், தமிழ்லயே பேசலாம்.

சரி, ஒரு நிமிஷம் கண்ண மூடுங்க, சேர்ந்து ஜெபிக்கலாம். அப்பா, இப்ப இத பாத்துக்கிட்டு இருக்கிற ஒவ்வொருத்தரும் பயப்படுற அந்த ஒரு காரியத்த உங்ககிட்ட வாய்விட்டு சொல்ல தைரியம் குடுங்க. ரிப்போர்ட்டுக்கு காத்திருக்கிறவங்களோட இன்னைக்கு ராத்திரி கூட இருங்க. எங்க அம்மாவுக்கு கீமோவ தாங்குற பெலன் குடுங்க. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்.