கடல் முள்ளெலி எந்த மாதத்தில் நிறைகிறது?

வணக்கம் நண்பர்களே. பாந்திரா பாறைகளில் நின்று பேசுகிறேன். காற்று பலமாக அடிக்கிறது, குரல் தெளிவாக விழாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடல் பாறைகளில் முள் உருண்டையாகக் கிடக்கும் கடல் முள்ளெலியை (sea urchin) சாப்பிடுவார்கள் என்று போன காணொளியில் சொன்னதும், தாராவி, செம்பூர் நேயர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: அந்த முள் உருண்டையில் சாப்பிட என்ன இருக்கிறது?

ஓட்டை உடைத்தால் உள்ளே ஐந்து மஞ்சள் கதுப்புகள் இருக்கும். ஜப்பானியர் ‘ஊனி’ என்று பெரும் விலை கொடுத்து வாங்குவது இதைத்தான். முட்டை என்று பலர் நினைக்கிறார்கள். அது இனப்பெருக்க உறுப்பு. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. தீனி நன்றாகக் கிடைக்கும் காலத்தில் அந்த உறுப்பிலுள்ள ஒருவகை உயிரணுக்கள் சத்தைச் சேர்த்துவைக்கின்றன. மகள் கல்யாணத்துக்குச் சீட்டுப் போட்டுச் சேர்க்கும் பணம் மாதிரி. பிறகு அந்தச் சத்து கருமுட்டையாகவும் விந்தாகவும் மாறுகிறது. சேமிப்பு நிறைந்திருக்கும்போது கதுப்பு கெட்டியாக, இனிப்பாக இருக்கும். முற்றியபின் நெகிழ்ந்து நீர் கசியும், சுவையும் குறையும். ஆகவே சந்தைக்கு வருவது பெரும்பாலும் அந்தப் பருவத்தில் இன்னும் இனம் பெருக்காத முள்ளெலி. இதை நினைக்காமல் என்னால் ஊனியைப் பற்றிப் பேசவே முடியவில்லை.

எப்போது முற்றுவது என்பதை அதற்குச் சொல்வது யார்? கலிஃபோர்னியாவின் ஊதா முள்ளெலிக்குப் பகல் சுருங்குவதே அறிகுறி என்று 1986-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மும்பையில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் மாறுகிறது, அதனால் இங்கே அந்த அறிகுறி அவ்வளவு தெளிவாக இருக்காது. வெப்பக் கடல்களில் நீரின் சூடு, மழை, தீனி, நிலா என்று இனத்துக்கு இனம் காரணம் வேறுபடும்.

அமாவாசை நண்டில்தான் சதை இருக்கும் என்று நம் மீன்காரம்மாக்கள் சொல்வார்களே? எகிப்தின் சூயஸ் மீன்சந்தையிலும் அப்படியொரு பேச்சு இருந்தது, ஆனால் அங்கே பௌர்ணமிக்கு நண்டும் முள்ளெலியும் நிறையும் என்றார்கள். மன்ரோ ஃபாக்ஸ் என்ற விஞ்ஞானி அதைச் சோதித்து 1924-இல் எழுதினார். செங்கடலின் நீள்முள் முள்ளெலிக்கு அது உண்மை. ஆனால் எகிப்தின் மத்தியதரைக் கரையிலுள்ள அலெக்ஸாந்திரியாவில் மக்கள் உண்ணும் முள்ளெலிக்கு நிலாக்கணக்கே இல்லை. சந்தைப் பேச்சைத் தள்ளிவிடாமல் சோதித்துப் பார்த்த அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

கருவுறுவது உடலுக்கு வெளியே, நீரில் நடக்கிறது. ஆண் விந்தையும் பெண் முட்டையையும் ஒரே வேளையில் விடாவிட்டால் விந்து கடலில் கரைந்து வீணாகிவிடும். அதனால்தான் இந்தக் கால அறிகுறிகள் அவற்றுக்கு அவ்வளவு முக்கியம்.

தீனி போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் வடகரை சாட்சி. 2013 முதல், முள்ளெலிகளைத் தின்னும் நட்சத்திர மீன்கள் நோயில் அழிந்தன. அடுத்து 2014 முதல் 2016 வரை கடல் சூடேறியது. முள்ளெலிகளின் தீனியான கெல்ப் என்னும் பெரும்பாசிக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்டது. முள்ளெலிகள் சாகவில்லை, கதுப்பு வெறுமையாகிப் பாறையில் பசியோடு கிடந்தன. உடைத்துப் பார்த்தால் விற்க ஒன்றுமில்லை.

மகாராஷ்டிரத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளில் மீன்பிடிக்கத் தடை உண்டு. பாறையில் நடந்து கையால் பொறுக்குபவரை அது தொடாது. இங்கே யாராவது முள்ளெலி வியாபாரம் தொடங்குவதென்றால், முதலில் மாதந்தோறும் சிலவற்றை எடுத்து, உடல் எடையில் கதுப்பு எத்தனை சதவீதம் என்று ஓராண்டாவது கணக்கெடுக்க வேண்டும். எந்த மாதம் அந்தச் சதவீதம் திடீரென விழுகிறதோ, அதுதான் அவை இனம் பெருக்கிய மாதம். அதற்கு முந்தைய வாரங்களில் பொறுக்கக் கூடாது. தட்டில் ஊனி வந்தால், எந்த மாதம், எந்தக் கரையில் எடுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத உணவகத்தை நான் இந்தச் சேனலில் காட்ட மாட்டேன்.