ஜானை நம்பலாமா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதிய 'தி யெல்லோ வால்பேப்பர்' என்ற சிறுகதையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். 1892 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து மேகசீன்' பத்திரிகையில் வந்தது. மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். முடிவையும் சேர்த்தே சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். முடிவு தெரிந்தாலும் பயம் குறையாத கதை.

குழந்தை பிறந்தபின் மனம் சரியில்லாமல் இருக்கும் ஒரு பெண். கணவன் ஜான் டாக்டர். கோடைக்கு மூன்று மாதம் ஒரு பழைய பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, மாடியில் காற்றோட்டமான அறையில் அவளைத் தங்கவைக்கிறான். வேலை செய்யக் கூடாது, எழுதக் கூடாது, சாப்பிட்டு ஓய்வெடுக்க வேண்டும். அவளோ ஒளித்து ஒளித்து எழுதுகிறாள். அந்தக் குறிப்புகள்தான் கதை. ஜான் வரும் சத்தம் கேட்டதும் காகிதத்தை மறைக்கிறாள், குறிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. பயங்கரம் தொடங்குவதற்கு முன்பே நமக்கு ஒரு திக் என்ற உணர்வு வருவது இந்த இடத்தில்தான். மனைவி எதற்காகக் கணவனிடமிருந்து காகிதத்தை ஒளிக்க வேண்டும்?

ஜான் கெட்டவன் இல்லை. அடிப்பதில்லை, வேறு பெண்ணைத் தேடிப் போவதில்லை. அழுதால் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறான். செல்லப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். முதல் பக்கத்தில் எப்படிப் பேசினானோ அப்படியேதான் கடைசிப் பக்கம் நெருங்கும்போதும் பேசுகிறான். அதைக் கேட்கும் அவள்தான் மாறிக்கொண்டே போகிறாள்.

தொடக்கத்தில், ஜான் டாக்டராக இருப்பதால்தான் தனக்குச் சீக்கிரம் குணமாகவில்லையோ என்று ஒரு வரி எழுதுகிறாள். கூடவே, என்மேல் எவ்வளவு அக்கறை அவருக்கு என்றும் எழுதிவைக்கிறாள். 'நல்ல மனுஷன்தான், ஆனால்...' என்று இழுத்து நிறுத்துபவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வால்பேப்பர், அதாவது அலங்காரக் காகிதம், அவளுக்குப் பிடிக்கவில்லை, மாற்றச் சொல்கிறாள். இதை மாற்றினால் அடுத்து கட்டிலை மாற்றச் சொல்வாய், அப்புறம் ஜன்னல் கம்பியை, அப்புறம் மாடிப்படிக் கதவை என்று மறுத்துவிடுகிறான். சாதாரணமாகத்தான் சொல்கிறான். ஆனால் அந்தச் சாமான்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நகர்த்த முடியாதபடி ஆணியடித்த கட்டில், கம்பி போட்ட ஜன்னல், படியின் உச்சியில் ஒரு கதவு. முன்பு பிள்ளைகள் விளையாடிய அறையாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். நமக்கு அப்படித் தோன்றுவதில்லை.

பிறகு ஒரு நிலா இரவு. இங்கிருந்து போய்விடலாம் என்று கேட்கிறாள். வாடகைக் கெடு முடிய மூன்று வாரம் இருக்கிறது, உனக்கு உடம்பு தேறிவருகிறது என்கிறான். உடம்பு தேறியிருக்கலாம் என்று அவள் ஆரம்பிக்கிறாள். அவன் பார்க்கும் பார்வையில் மிச்ச வார்த்தை வெளியே வரவில்லை. தூங்கிவிட்டாள் என்று அவன் நினைக்கிறான். அவள் மணிக்கணக்காக விழித்துக் கிடக்கிறாள். இதற்கப்புறம்தான், ஜானைக் கண்டால் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று எழுதுகிறாள். 'கொஞ்சம்' என்று அவள் சொல்வதை நான் நம்பவில்லை. நாத்தனார் ஜென்னி வால்பேப்பரைத் தொட்டால்கூட அவளுக்குச் சந்தேகம். வால்பேப்பரின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டுத் தவழ்வதாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. அந்த ரகசியம் தனக்கு மட்டுமே தெரிய வேண்டும் என்கிறாள்.

கில்மனின் சாமர்த்தியம் இங்கே இருக்கிறது. அவளோடு சேர்ந்து ஜானைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நாம், இப்போது அவளையும் சந்தேகிக்கிறோம். சுவரின் அடிப்பக்கம் அறையைச் சுற்றி ஒரு தேய்ந்த கறை இருக்கிறது. யார் இப்படித் தேய்த்தார்கள் என்று வியக்கிறாள். கடைசியில் அவள் தவழ்ந்து போகும்போது அவளுடைய தோள் அந்தத் தடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. கட்டில் கடிபட்டிருப்பது அந்தப் பிள்ளைகளின் வேலை என்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவளே கட்டிலைக் கடிக்கிறாள். அப்படியானால் முன்பு சொன்னதில் எது நிஜம்? முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தாக வேண்டும்.

இதெல்லாம் வெறும் கற்பனையில் வந்ததல்ல. 1887இல் கில்மன், பிலடெல்பியாவில் சைலஸ் வியர் மிட்செல் என்ற பிரபல டாக்டரிடம் ஓய்வு சிகிச்சை எடுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கூடாது, ஆயுள் முழுக்கப் பேனாவைத் தொடக் கூடாது என்பது அவருக்குச் சொல்லப்பட்ட பத்தியம். கதைக்குள்ளேயே அந்த டாக்டரின் பெயர் வருகிறது. தேறாவிட்டால் அவரிடம் அனுப்பிவிடுவேன் என்று ஜான் மிரட்டுகிறான்! கதை வந்தபின், படிப்பவருக்கே பைத்தியம் பிடித்துவிடும் என்று பாஸ்டன் டாக்டர் ஒருவர் கண்டனம் எழுதினாராம். 1913இல் கில்மனே இதைச் சொல்லியிருக்கிறார்.

முடிவில் கதவைத் திறந்து பார்த்த ஜான் மயங்கி விழுகிறான். அவன்மேல் ஏறித் தவழ்ந்து போகிறாள். அதற்கு முன், வால்பேப்பருக்குள் இருந்த பெண் தானே என்று நம்பி அவனிடம், நீயும் ஜேனும் தடுத்தும் நான் வெளியே வந்துவிட்டேன் என்கிறாள். யார் இந்த ஜேன்? கதையில் அதுவரை அந்தப் பெயரே வரவில்லை. ஜென்னி என்பது அச்சில் பிழையாகியிருக்கும் என்பார்கள் சிலர். அது அவளுடைய சொந்தப் பெயர்தான் என்பார்கள் வேறு சிலர். நான் இரண்டாவது கட்சி. நீங்கள் படித்துவிட்டு உங்கள் கட்சியைச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.