அப்டேட் போட்ட மறுநாள்

வணக்கம் வானொலி நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் கைப்பேசி பழுது பார்க்கிறவன் நான். கேசட் பிளேயர் காலத்திலேயே திருப்புளி பிடித்த கை இது. கடைக்கு வருகிறவர்களிடம் அன்றாடம் கேட்கிற ஒரு புகாரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு. பெரிய அப்டேட் ஒன்னு வந்துச்சு, போட்டேன். இப்ப தொட்டா அசையவே மாட்டேங்குது." அடுத்த கேள்வியும் கூடவே வந்துவிடும்: "புதுசு வாங்க வைக்கத்தானே இப்படிப் பண்றானுங்க?"

இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு நேரத்தை, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாட்சாப் குழுவில்தான் போடுகிறார். பள்ளி அறிவிப்பும் அதில்தான், பேங்க் கணக்கும் அதில்தான். 2020, 2021-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, ஒரே பழைய போனில் மாறி மாறிப் பாடம் படித்த பிள்ளைகள் இந்த ஊரில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் "பழசைத் தூக்கிப் போடு" என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஓர் அக்கா வந்தார். கித்தா (ரப்பர்) மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். மகன் ஜொகூரில் இருக்கிறார், புதுசு வாங்கித் தருகிறேன் என்கிறாராம். அக்காவுக்கு மனமில்லை. பேரப்பிள்ளை பிறந்த நாளிலிருந்து எடுத்த படமெல்லாம் அந்தப் போனில்தான். "தம்பி, அப்டேட் போட்டதுல இருந்து இப்படித்தான். நாப்பது விழுக்காடு காட்டுது, கேமராவத் தொறந்தா பட்டுன்னு அணைஞ்சு போவுது," என்றார்.

போனை வாங்கிப் பக்கவாட்டில் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தேன். திரையின் ஒரு ஓரம் நகம் நுழையும் அளவுக்கு மேலே தூக்கியிருந்தது. உள்ளே பசை இழை தெரிந்தது. மெல்லச் சூடு காட்டித் திறந்தால், தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரியின் வெள்ளி நிற உறை நடுவில் உப்பிக் கிடக்கிறது. தயவுசெய்து யாரும் வீட்டில் இதை நோண்டாதீர்கள். குத்திவிட்டால் தீப்பிடிக்கும். புது பேட்டரி போட்டேன். கேமரா திறந்தது, அணையவில்லை. இழுவையும் போய்விட்டது. மென்பொருளில் நான் கை வைக்கவே இல்லை, அதே அப்டேட்தான் ஓடுகிறது. அக்கா அங்கேயே நின்று பேத்தியின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நானும் கூட நின்று பார்த்தேன்.

பேட்டரிக்கு வயதானால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், இது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்றும் நடக்கிறது. அதன் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதை உள்ளேயே மறிக்கும் தடை, கூடிக்கொண்டே போகிறது. பழைய லயத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கும், குழாய் துருப்பிடித்து அடைத்திருக்கும். ஒரு வீட்டில் திறந்தால் வரும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்தால் சொட்டும். கேமராவும் சிப்பும் சேர்ந்து முழு வேகத்தில் மின்சாரம் கேட்கும்போது, வயதான பேட்டரியில் மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது, போன் அணைகிறது. புது அப்டேட் வேலையைக் கூட்டும். அதனால் அதுவரை மறைந்திருந்த குறை அன்றைக்கு வெளியே தெரிகிறது.

சரி, கம்பெனி வேண்டுமென்றே மெதுவாக்குமா? ஒரு கம்பெனி செய்தது. 2017 ஜனவரியில் வந்த, ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில், பேட்டரி தளர்ந்த ஐபோன் 6, 6எஸ் போன்றவை திடீரென்று அணையாமல் இருக்க, சிப்பின் வேகத்தை ஆப்பிள் குறைத்தது. வேகம் குறையும் என்று வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கீக்பெஞ்ச் வேகச் சோதனையை உருவாக்கிய ஜான் பூல், அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன்களின் வேகம் குறைந்திருப்பதைக் காட்டும் கணக்கெடுப்பை வெளியிட்டார். இரண்டே நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. மாதம் முடிவதற்குள் மன்னிப்பும் கேட்டு, உத்தரவாதம் முடிந்த போன்களுக்கான பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 அமெரிக்க டாலரிலிருந்து 29-ஆகக் குறைத்தது. 2018-இல் பேட்டரியின் நிலையை நாமே பார்க்கும் வசதி வந்தது. அதே ஆண்டு இத்தாலி, பழைய போன்களில் போட வைத்த அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சுங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது.

போன் அணையாமல் இருக்க வேகத்தைக் குறைத்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சொல்லாமல் குறைத்தார்களே, அதுதான் குற்றம். பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை குடும்பம் தவணையில் புது போன் எடுத்திருக்கும்! மறுபடியும் சொல்கிறேன், முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலும் பேட்டரிக்கு எதிரி. 35 பாகைக்கு மேல் சூடானால் அதன் ஆயுள் குறையும். செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்கள் போனை மோட்டார் கூடையில் வெயிலில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடவும் வேண்டாம்.

அப்டேட் போட்ட அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். செயலிகளை மறுபடி தயார் செய்வது, படங்களைப் புதிதாக வரிசைப்படுத்துவது என்று பின்னால் நிறைய வேலை ஓடும். போன் சூடாகும், இழுக்கும். ஓரிரு நாள் இரவில் சார்ஜரில் விட்டுப் பாருங்கள். இடம் நிறைந்திருந்தாலும் இழுக்கும், ஏனென்றால் நினைவகத்தில் எழுதக் காலி இடம் வேண்டும். வாட்சாப்பில் வந்த காலை வணக்கப் படங்களையும், தைப்பூச வீடியோ ஒன்றே நாலு குழுவில் வந்திருப்பதையும் அழித்தாலே பாதி போனுக்கு மூச்சு வரும். அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அதுதான். 2018-இல் வந்த ஐஓஎஸ் 12, 2013-இன் ஐபோன் 5எஸ் வரைக்கும் போனது, பழைய போன்களை வேகப்படுத்தவும் செய்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சட்டத்தைப் பற்றி நிறைய எழுதி வந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மலேசியாவில் நமக்கு இருக்கிறது. வாங்கிய பொருளிலோ பழுது பார்த்ததிலோ ஏமாந்ததாக நினைத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனு கொடுக்க 5 வெள்ளிதான் (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கடைகளில் தரும் ரசீதில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.